நல்ல தண்ணீர் படக் கூடாத சங்கு

போன மாதம் ஒரு புதன்கிழமை நானும் என் நாத்தனாரும் விளாத்திகுளத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்பி வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. எங்கள் மளிகைக் கடையில் பதினெட்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சங்கைக் கடலில் போட்டுத் தலைமுழுகிவிட்டு வரப் போனோம். போன கதை ஒன்று, நடந்த கதை வேறொன்று. என்னைப் போலவே நாடகம் பார்த்துக் கிறுக்குப் பிடித்தவர்கள் நாலு பேர் இதே ஊருக்குப் போக ஆசைப்படலாம் என்பதால் எழுதுகிறேன். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்துப் பிழையை என் மகள் பார்த்துவிட்டாள். மற்ற பிழையெல்லாம் என்னுடையது.

'சங்கு வாசல்' என்று ஒரு தொடர் வந்ததே, நினைவிருக்கிறதா? ராத்திரி எட்டு மணிக்கு வரும். தூத்துக்குடியில் திரேஸ்புரம் கடற்கரையில் எடுத்தது. கதாநாயகி பெயர் அமலி. அவள் வீட்டு நிலைப்படிக்கு மேலே, முதுகில் கொம்பு கொம்பாகப் புடைத்த பெரிய சங்கு ஒன்று தொங்கும். அமலிக்குக் கஷ்டம் வரும்போதெல்லாம் (வாரத்துக்கு ஐந்து நாள் வரும்) அதை இறக்கிக் காதில் வைத்துக் கேட்பாள். உள்ளேயிருந்து கடல் அவளுக்கு யோசனை சொல்லும். "இது மேல நல்ல தண்ணி படக் கூடாது. பட்டா கடல் கோவிச்சுக்கும்" என்று மாமியாரைப் பார்த்து அவள் சொல்கிற இடத்தில் எனக்கு இப்போதும் புல்லரிக்கும்.

அந்த நாடகம் ஓடின காலத்தில் எட்டு மணிக்கு மேல் கடைக்கு வந்து துவரம்பருப்பு கேட்டவர்கள் பாசிப்பயறு வாங்கிக்கொண்டு போனதாகப் பேச்சு உண்டு. நான் மறுக்கவில்லை. வாரப் பத்திரிகையில் வந்த அமலி படத்தைக் கத்தரித்துக் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். கடைப் பூனைக்கு அமலி என்று பெயர் வைத்தேன். அது கடுவன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்காகப் பெயரை மாற்றவா முடியும்?

நாடகம் முடிந்த சமயத்தில், கருவாடு எடுக்கத் தூத்துக்குடிக்குப் போன எங்கள் வீட்டுக்காரர், மடியில் சாக்கு சுற்றின ஒன்றை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பிரித்தால் அந்தச் சங்கு! செட்டுச் சாமான்களை விற்றார்கள், வாங்கி வந்தேன் என்றார். கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்காமலே அவர் எனக்கென்று வாங்கித் தந்த பொருள் அது ஒன்றுதான். அப்போதே அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், நான் மைனி என்று கூப்பிடுகிறவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு தீர்ப்புச் சொன்னாள். "ஏலே, உன்ன நல்லா ஏமாத்திட்டானுவ. கடக்கரையில கெடந்ததத் தூக்கி, நாடகச் சங்குன்னு தலையில கட்டிட்டான். இது நாடகச் சங்கா இருந்தா, என் தம்பி புத்திசாலின்னு கடை வாசல்ல நின்னு மூணு தடவ கூவுதேன்."

அந்தப் பந்தயம் பதினெட்டு வருஷம் தீராமல் கிடந்தது. சங்கும் தொங்கியது. நான் அதை ஒரு நாள்கூடக் கழுவவில்லை. அமலி சொன்ன பிறகு கழுவுவேனா? உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி.

இந்தப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் பிஸ்கட் போட வருகிற ஏஜெண்டு தம்பி அண்ணாந்து பார்த்துவிட்டு, "யக்கா, இந்த மாதிரிச் சங்கெல்லாம் வீட்டுல வைக்கக் கூடாது தெரியும்லா? வனத்துறை புடிச்சா உள்ள வச்சிருவாவ" என்று சொல்லி, கைபேசியில் ஒரு படமும் காட்டினான். யாரோ நாலு பேர் சங்குகளுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். அவற்றில் ஒன்று என் சங்குக்கு உடன்பிறந்தது மாதிரியே இருந்தது.

அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வனத்துறை ஜீப்பு வந்து நின்றால்? வீட்டுக்காரரிடம் சொன்னால், "அது நாடகச் சங்கு, நான் ஏமாறல" என்று பழைய பாட்டையே பாடினார். நாடகச் சங்கு என்றால் மட்டும் கடலில் விளையாமல் காய்கறிக் கடையிலா விளையும்? அமலி அதைக் கடலுக்குள்ளிருந்து தூக்குவதை ஊரே பார்த்ததே! வனத்துறையிலேயே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கப் போய் நானாக மாட்டிக்கொள்வேனோ என்று பயம். எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிடுவது என்று முடிவு பண்ணினேன். போடும் முன்னால் அமலி வீட்டு வாசலில் ஒரு தடவை அதை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போடலாம் என்று ஒரு ஆசை. மைனி தானும் வருவேன் என்று நின்றாள். எனக்குத் துணைக்கு இல்லை. தம்பி ஏமாந்ததைத் திரேஸ்புரத்தில் யாரிடமாவது கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள.

விளாத்திகுளம் பஸ் நிலையத்தில் காலை ஏழு பத்துக்கு வண்டி ஏறினோம். தூத்துக்குடி நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். சங்கை என் பழைய சேலையில் சுற்றி, குக்கர் வாங்கின அட்டைப் பெட்டிக்குள் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். வேகத்தடை வரும்போதெல்லாம் பெட்டியை நெஞ்சோடு அணைத்தேன். கண்டக்டர் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாம் தடவை பொறுக்கவில்லை.

"என்னக்கா, குக்கருக்குத் தாலாட்டு பாடுதீய?"

"புதுக் குக்கர். இன்னும் விசில் அடிக்கப் பழகல. அதான் பயப்படுது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மைனி என் தொடையில் கிள்ளினாள். "ஏளா, திருட்டுச் சாமான மடியில வச்சிக்கிட்டு என்ன வாயி ஒனக்கு!"

குளத்தூர் தாண்டிக் கடற்கரைச் சாலையைப் பிடித்ததும் இடது கைப் பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். தருவைகுளத்துக்கு அப்புறம் உப்பளம். காலை வெயிலில் கண் கூசும், முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாம். எனக்கு அன்றைக்கு முகத்தை மூட வேறு காரணமும் இருந்தது.

பழைய பஸ் நிலையத்தில் இறங்கி ஆளுக்கு ஒரு காபி குடித்தோம். அங்கிருந்து திரேஸ்புரம் இரண்டரைக் கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் பெயர் ஜூடு. முப்பத்தைந்து வயது சொல்லலாம்.

"எங்கன போணும் ஆச்சி?"

"மைனி, ஒங்களத்தான் கேக்காவ, சொல்லுங்க" என்றேன். மைனி முறைத்தாள். நானே கேட்டேன்.

"'சங்கு வாசல்' நாடகம் எடுத்தாவல்லா, அந்த வீடு தெரியுமா தம்பி?"

"தெரியாமயா? அதுல நானே நடிச்சிருக்கேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டுப் போயி."

"நீங்களா? எதுல?"

"கலவரத்துல கூட்டம் ஓடும்லா. அதுல கடைசியா ஓடுற முதுகு என்னுது."

"எந்தக் கலவரம்? மீன் ஏலத்துல வந்ததா, அமலி தம்பிய அடிச்சப்ப வந்ததா?"

ஜூடு வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "யக்கா, நீங்க சாமானியப்பட்ட ஆளு இல்ல" என்றார். நூற்றைம்பது கேட்டவர் நூறுக்கு இறங்கினார். ஆகையால் போகிறவர்கள் நாடகத்தை ஒரு தடவை நன்றாக நினைவுபடுத்திக்கொண்டு போவது நல்லது.

திரேஸ்புரம் திருப்பத்தில் போலீஸ் ஜீப்பு ஒன்று நின்றது. மைனி பெட்டியின் மேல் தன் சேலைத் தலைப்பைப் போட்டு மூடி, அதன் மேல் தலையைச் சாய்த்து மயக்கம் வந்தவள் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டாள். போலீஸ்காரர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வடை தின்றுகொண்டிருந்தார்.

கரையில் வள்ளங்கள் வரிசையாக ஏறிக் கிடந்தன. ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலச் சத்தம், மீன் வாடை. நாடகத்தில் வாடை வராததுதான் வித்தியாசம். ஜூடு வண்டியை நிறுத்திவிட்டுக் கூடவே வந்து வீட்டைக் காட்டியதும் எனக்கு முதல் அடி விழுந்தது. அமலி வீட்டுக் கதவு எப்படி இருக்கும்? யானை, அன்னம் எல்லாம் செதுக்கின தேக்குக் கதவு. இங்கே நீலப் பெயிண்ட் அடித்த சாதாரணக் கதவு. வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ரோஸ்லின். நாடகத்துக்கு வீட்டை வாடகைக்கு விட்டவரே அவர்தான்.

"அந்தக் கதவு எங்கக்கா?"

"அது தெர்மாகோலு. போகும்போது பிச்சிட்டுப் போயிட்டாவ."

"அமலி எறங்கி வருவாளே, மாடிப்படி?"

"எங்க வீட்டுக்கு மாடியே கெடையாதே."

"முத்தத்துல கெணறு?"

"பலகை. ரெண்டு மழையில கோணிப் போச்சு."

மைனிக்கு ஒரே கொண்டாட்டம். "இன்னும் எதாச்சும் கேளு ஏளா. மாமியார் நெசமான்னு கேளு" என்றாள். பதினெட்டு வருஷம் நான் குடியிருந்த வீடு அது. கதவு இல்லை, படி இல்லை, கிணறு இல்லை. மிச்சம் இருந்தது என் மடியில் இருந்த சங்கு ஒன்றுதான், அதையும் கொண்டுபோய்க் கடலில் போடப் போகிறேன். மெதுவாகக் கேட்டேன்.

"இங்கன ஆழமான எடம் எதுக்கா? ஒரு சாமானக் கடல்ல போடணும்."

"என்னத்தப் போடப் போறீய?" ரோஸ்லின் அக்காவின் குரல் மாறிவிட்டது. "குப்பையக் கொண்டாந்து கடல்ல கொட்டுனா எங்க ஆளுவ சும்மா விட மாட்டாவ, ஆமா."

வேறு வழி இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்து சேலையை விலக்கினேன். அந்த அம்மா எட்டிப் பார்த்தார். அப்புறம் வலையைக் கீழே போட்டுவிட்டு மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாதாவே! இது இன்னும் உயிரோடயா இருக்கு?"

சங்கிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தேன். "உயிர் இருக்கா இதுல?" என்றேன்.

"இதையா கடல்ல போடப் போறீய? ஊறி உதிர்ந்துரும்லா! அலையில அடிபட்டுத் துண்டு துண்டாப் போயிரும். இது மாவு."

"மாவா?"

"பொம்ம செய்வாவல்லா, அந்த வெள்ள மாவு, பிளாஸ்டரு. இந்த முத்தத்துல வச்சுத்தான் ஊத்துனாவ. செட்டுப் போட வந்தவரு களிமண்ணுல அச்சு செஞ்சாரு. பலத்துக்கு நாரு வேணும்னு எங்க வள்ளத்து நங்கூரக் கயித்தப் பிரிச்சு உள்ள வச்சிட்டாரு. எங்க வீட்டு ஆளு அவர அடிக்கவே போயிட்டாவ. ஒரு வாரம் சண்டை."

"அமலி கடல்லருந்து தூக்குவாளே! தண்ணி சொட்டு சொட்டா வடிஞ்சதே!"

"தேங்காய் எண்ணெய். நாந்தான் பாட்டில எடுத்துக் குடுத்தேன்."

நல்ல தண்ணீர் கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. நனைந்தால் ஊறிச் சாயம் போய்விடும் என்று செட்டுக்காரர் நாள் முழுக்க, "தண்ணி படக் கூடாது, தண்ணி படக் கூடாது" என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டு திரிவாராம். வசனம் எழுதுகிறவர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு இதைக் கேட்டிருக்கிறார். மறுநாள் அதற்கு முன்னால் 'நல்ல' என்று ஒரு சொல்லைச் சேர்த்து அமலி வாயில் கொடுத்துவிட்டார். அதைக் கேட்டுத்தான் விளாத்திகுளத்தில் ஒருத்தி பதினெட்டு வருஷம் சங்கைக் கழுவாமல் இருந்திருக்கிறாள். கழுவியிருந்தால் முதல் பொங்கலுக்கே சங்கதி தெரிந்திருக்கும். சங்கும் போயிருக்கும்.

மைனி நம்பவில்லை. தோற்பவர்கள் சீக்கிரம் நம்ப மாட்டார்கள். "ஊக்கக் குடு" என்று என் தாலிச் செயினில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி வாங்கினாள். நான் கத்தக் கத்தச் சங்கின் வாய்க்கு உள்பக்கம், வெளியே தெரியாத இடமாகப் பார்த்துச் சுரண்டினாள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டியது. இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். பழுப்பாக ஒரு இழை தலையை நீட்டியது. ரோஸ்லின் அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க கயிறு" என்றார்.

"மைனி, எந்தக் கடல்ல சங்கு தேங்காய் நாரோட பொறக்குது?" என்று கேட்டேன்.

மைனி ஊக்கை மட்டும் திருப்பித் தந்தாள்.

எனக்கு அப்போது வந்த நிம்மதியை எப்படி எழுதுவது? மூட்டை இறக்கின மாதிரி என்பார்கள். நான் கடைக்காரி, மூட்டை இறக்கினவள். இது அதற்கும் மேலே. வலைக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பாக ஆரம்பித்து அழுகையாக முடிந்தது. ரோஸ்லின் அக்கா செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். சங்கை மடியில் வைத்தபடியே வாங்கப் போனேன். மூன்று பேரும் ஒரே குரலில், "தண்ணி! தண்ணி!" என்று கத்தினார்கள். ஜூடு சங்கைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். கலவரத்தில் ஓடின அதே முதுகு. இப்போது எனக்கு அடையாளம் தெரிந்தது.

போகும் முன் நீலக் கதவுக்கு மேலே ஆணி இருந்த பழைய இடத்தில் சங்கைப் பிடித்துக் காட்டினேன். ஜூடு படம் எடுத்தார். கதவு பொய், கிணறு பொய் என்று கொஞ்ச நேரம் முன்னால் நான் நொந்துபோனதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. என் சங்கு கடலில் விளைந்திருந்தால் அது அமலி சங்கு இல்லை, நானும் குற்றவாளி. மாவாக இருந்ததால்தான் அது அமலி சங்கு, எங்கள் வீட்டுக்காரரும் ஏமாறவில்லை.

திரும்பும்போது அந்தப் போலீஸ்காரர் அங்கேயே நின்றார். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி நானே இறங்கிப் போனேன்.

"சார், இத ஒரு தடவ பாருங்க. நாடகச் சங்கு. மாவு."

"சரிம்மா."

"உள்ள நாரு இருக்கு சார்."

"சரிம்மா, ஜீப்பு எடுக்கணும், ஒதுங்குங்க."

அதன் பிறகுதான் எனக்குப் பசியே தெரிந்தது. பஸ் நிலையம் பக்கத்தில் மீன் சாப்பாடு, ஆளுக்கு நூற்றி இருபது. விளமீன் குழம்பு. மைனி மூன்று தடவை சோறு வாங்கினாள், துக்கம் போல. பேக்கரியில் கால் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு இரண்டே கால் பஸ்ஸில் ஏறினோம். காலையில் பார்த்த அதே கண்டக்டர்! "குக்கர மாத்தலையாக்கா?" என்றார். பெட்டியைத் திறந்தே காட்டினேன். விளாத்திகுளம் வருகிற வரைக்கும் சங்கு ஒவ்வொரு சீட்டாகப் போய் எல்லார் காதிலும் உட்கார்ந்துவிட்டு வந்தது. எல்லாருக்கும் கடல் கேட்டதாம். நான் மாவு என்று சொல்லியும் கேட்டதாம்.

கடை வாசலில் எங்கள் வீட்டுக்காரர் தராசுக்குப் பின்னால் நின்றார். நாலைந்து வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். மைனி படியில் நின்று தொண்டையைச் செருமினாள்.

"என் தம்பி புத்திசாலி."

அவர் சீனி அளந்துகொண்டே, "என்னக்கா? சரியாக் கேக்கல" என்றார். எல்லாம் கேட்டது. காதெல்லாம் சிவந்துவிட்டதே! மைனி பல்லைக் கடித்துக்கொண்டு பாக்கி இரண்டையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், "போதுமாலே?" என்று மக்ரூன் பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் மகள் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டு விவரம் சொல்லிக் கேட்டாள். மாவில் செய்ததற்கு ஒன்றும் கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். இப்போது சங்கு பழைய ஆணியிலேயே இருக்கிறது. மகள் கல்யாணத்தன்று மண்டப வாசலில் தொங்கவிடப் போகிறேன். ஜீப்பு வந்தால் வரட்டும், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். ஞாயிற்றுக்கிழமை வள்ளம் கடலுக்குப் போகாது, கரை வெறிச்சென்று இருக்கும். வேறு நாளில் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். வெயிலுக்குக் குடை அவசியம். அந்த வீட்டு ஆட்கள் வேலை பார்க்கிறவர்கள், கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கிணறு எங்கே என்று கேட்காதீர்கள். கரையில் யாராவது சங்கோ பவளமோ விற்றால் ஆசைப்பட்டு வாங்காதீர்கள். சிலவற்றை வைத்திருப்பதே குற்றம். வீட்டில் ஏற்கெனவே இருந்து சந்தேகமாகவும் இருந்தால், என்னைப் போல இரண்டு மாதம் தூங்காமல் கிடக்காமல் வனத்துறையிடம் போய்க் கேட்டுவிடுங்கள்.

விளாத்திகுளம் பக்கம் வந்தால் எங்கள் கடைக்கும் வாருங்கள். சங்கை இறக்கித் தருகிறேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காதில் வைத்துக் கேட்கலாம். கையை மட்டும் நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள். நல்ல தண்ணீர் படக் கூடாது.